வரைபடத்தில் உண்டு, பதிவேட்டில் இல்லை

அயர்லாந்து நாட்டில் 'டவுன்லாண்டு' என்றொரு நிலப்பிரிவு உண்டு. பெயரில் 'டவுன்' இருப்பினும் நகரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நம் வருவாய்க் கிராமத்தைப்போல எல்லை வரையறுக்கப்பட்ட சிறு நிலத்துண்டு அது. ஓர் ஓடையோ, கல்வேலியோ, சதுப்பு நிலத்தின் விளிம்போ அதன் எல்லையாக இருக்கும். நாடு முழுவதும் இத்தகையவை ஏறத்தாழ 61,000 உள்ளன. சராசரிப் பரப்பு 325 ஏக்கர் அளவே. சிலவற்றில் இருபது வீடுகள் இருக்கும். சிலவற்றில் ஒன்றுகூட இராது. ஆயினும் அந்நாட்டு உழவனைப் பார்த்து 'நீ எவ்வூரான்?' என்று கேட்டால் அவன் முதலில் சொல்வது மாவட்டத்தின் பெயரையோ பங்கின் பெயரையோ அன்று. இந்த 325 ஏக்கரின் பெயரைத்தான்.

அப்பெயர்கள் நிலத்தையே பேசுபவை. 'நாக்' என்றால் குன்று. 1879இல் அன்னை மரியா காட்சியளித்ததாகப் போற்றப்படும் நாக் திருத்தலம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 'டெரி' என்றால் கருவாலி மரத்தோப்பு. 'டோபர்' என்றால் ஊற்று. 'ட்ரம்' என்றால் நிலமுதுகு. 'பாலி' என்றால் குடியிருப்பு. 'கில்' என்பதற்கு மட்டும் இரண்டு மூலங்கள் உண்டு: ஒன்று கோயில், மற்றொன்று காடு. எவ்வூரில் எது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். 1970களில் வட அயர்லாந்தின் அஞ்சல் துறை, சாலைப் பெயரும் வீட்டு எண்ணும் போதும், டவுன்லாண்டுப் பெயர் முகவரிக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தபோது, பிற விவகாரங்களில் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டிருந்த கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் இந்த ஒன்றில் சேர்ந்து எதிர்த்தனர். ஃபெர்மானா மாவட்டம் தன் பழைய பெயர்களை விட்டுக்கொடுக்கவே இல்லை. ஊரின் பெயருக்காக இத்துணை வைராக்கியம் காட்டும் மக்கள் அவர்கள். இதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். நாம் பேசப்போவது பெயரே இடப்படாதவர்களைப் பற்றி.

இச்சிற்றூர்களின் வரலாற்றை எழுதுவோர்க்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் வட்ட மண்கோட்டை. கி.பி. 500 முதல் 1000 வரையிலான காலத்தில் பண்ணைக் குடும்பங்கள் வாழ்ந்த இத்தகைய வளைவுகள் 40,000க்கும் மேல் அந்நாட்டில் எஞ்சியுள்ளன. மோகினிகள் குடியிருக்கும் இடம் என்ற அச்சத்தால் எவரும் அவற்றில் ஏர் வைக்கவில்லை. அறிவியல் காக்கத் தவறியதை அச்சம் காத்தது! அடுத்து, புனிதர் ஒருவரின் பெயர் தாங்கிய ஊற்று. அடுத்து, திருப்பலிப் பாறை. கிராம்வெல்லின் படையெடுப்புக்குப் பின்னும், 1690களில் தொடங்கிய தண்டனைச் சட்டங்களின் காலத்திலும், கோயில் இழந்த மக்கள் கூடித் திருப்பலி கண்ட இடம் அது. 1697ஆம் ஆண்டுச் சட்டம் ஆயர்களையும் துறவியரையும் நாடு கடத்தியது. எஞ்சிய குருக்கள் மலைச்சரிவில் ஒரு தட்டைக்கல்லைப் பீடமாக்கினர். கடைசியாக, 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் பாழான குடிசைகளின் சுவர்கள். பத்து இலட்சம் பேர் மாண்ட பஞ்சம் அது. அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர்.

மேயோ மாவட்டத்தில் அக்கில் தீவிலுள்ள ஸ்லீவ்மோர் என்னும் டவுன்லாண்டை எடுத்துக்கொள்வோம். பெயரின் பொருள் பெருமலை. 670 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். அதன் தென்சரிவில் ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு எண்பது முதல் நூறு கல்வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. சுண்ணாம்பு சேர்க்காது கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஒற்றை அறை. ஒரு பாதியில் மக்களும் மறுபாதியில் மாடுகளும். மாடு கட்டிய வளையங்கள் சில சுவர்களில் இன்றும் உள்ளன. வீடுகளைச் சுற்றி உருளைக்கிழங்கு நட்ட பாத்திகளின் மேடுகள், சீப்பு வாரியதுபோல் மலையெங்கும் தெரிகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெருங்கற்காலக் கல்லறைகள். மக்கள் எப்போது, ஏன் இவ்வூரை விட்டு அகன்றனர் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பஞ்சம், நிலவெளியேற்றம், கடற்கரையின் மீன்வளம் எல்லாம் பங்கு வகித்தன. இருபதாம் நூற்றாண்டிலும் கோடைக்காலத்தில் மாடு மேய்ப்போர் இவ்வீடுகளில் தங்கினர். கொலோன் நகர எழுத்தாளர் ஹைன்ரிக் பொல் 1957இல் வெளியிட்ட தம் அயர்லாந்து நாட்குறிப்பில் இவ்வூரைப் பற்றி எழுதிய பின் உலகமே அதனை அறிந்தது.

அம்மலையின் மறுபக்கத்தில்தான் எட்வர்டு நாங்கிள் என்னும் ஆங்கிலிக்க மதபோதகர் 1830களில் தம் குடியேற்றத்தை நிறுவினார். பள்ளி, மருத்துவமனை, அச்சகம் எல்லாம் அமைத்தார். பஞ்ச காலத்தில் பசித்த பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்து மறை மாற்றினார் என்ற பழி அவர்மேல் உண்டு. டுயம் பேராயர் ஜான் மக்ஹேல் அவரைக் கடுமையாக எதிர்த்தார். கஞ்சிக்காக மறை விட்டவர்களைச் 'சூப்பர்கள்' என்று ஊரார் ஏசினர். அவ்வசை பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தது.

இவையனைத்தும் உண்மை. இவற்றை எழுதுவோரை நாம் குறைகூறவில்லை. ஆனால் இவ்வரிசையை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். திருப்பலிப் பாறைக்குக் காரணம் ஆங்கில அரசு. பாழ்வீட்டுக்குக் காரணம் நிலக்கிழார். கஞ்சிக்குக் காரணம் நாங்கிள். கத்தோலிக்க எழுத்தாளர் ஒவ்வொரு கல்லையும் சுட்டிக்காட்டி, 'இதோ, எம்மக்களுக்குப் பிறர் செய்தது' என்கிறார். பிறர் செய்யாத ஒன்று அச்சிற்றூர்களின் மண்ணில் கிடக்கிறது. அதன் பெயர் கில்லீன். அதற்கு வரும்போது மட்டும் எழுதுகோல் தயங்குகிறது. ஒரு வரியோடு கடந்துவிடுகிறது. அத்தயக்கத்தின்மேல்தான் நம் வழக்கு.

கில்லீன் என்ற சொல்லுக்குச் 'சிறு கோயில்' என்பது பொருள். திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தைகளைப் புதைத்த இடம் அது. ஏறத்தாழ 1,400 கில்லீன்கள் அந்நாட்டில் பதிவாகியுள்ளன. கால்வே, கெர்ரி, மேயோ போன்ற மேற்குப் பகுதிகளில் மிகுதி. பாழடைந்த பழங்கோயிலின் வளாகம், வட்டக்கோட்டையின் உட்புறம், கடற்கரை, இரண்டு டவுன்லாண்டுகள் சந்திக்கும் எல்லை ஆகியவையே அவற்றுக்கு உரிய இடங்கள். பொழுது சாய்ந்தபின் தந்தையோ மாமனோ ஒரு சிறு பெட்டியைக் கையிலேந்திச் செல்வார். தாய் செல்வதில்லை. குரு செல்வதில்லை. மணி ஒலிப்பதில்லை. தலைமாட்டில் செதுக்கப்படாத ஒரு கல். சில இடங்களில் அதனருகே வெண்ணிறப் படிகக் கூழாங்கற்கள். பெயர் பொறிப்பதில்லை, பொறிக்கப் பெயரே இல்லை. கரையொதுங்கிய அடையாளமறியாப் பிணங்களும், தற்கொலை செய்துகொண்டவர்களும் அதே மண்ணில் இடம் பெற்றதுண்டு. இவ்வழக்கம் ஏதோ இருண்ட காலத்தோடு முடிந்ததென்று எண்ணவேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிய ஆண்டுகளை ஒட்டியும் அது சில இடங்களில் நிகழ்ந்தது. இறந்த தம்பியைத் தந்தை எடுத்துச் சென்றதைக் கண்ட உடன்பிறப்புகள் அண்மைக்காலம் வரை வாழ்ந்தனர்.

1824இல் ஆங்கில அரசு அயர்லாந்தை அளக்கத் தொடங்கியது. ஒரு மைலை ஆறு அங்குலத்தில் காட்டும் வரைபடம்; வரிவிதிப்புக்காகச் செய்த வேலை; செய்தவர்கள் பெரும்பாலும் படைவீரர்கள். ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து உதவியவர் ஜான் ஓடனவன் என்னும் ஐரிய அறிஞர். அவ்வரைபடத் தாள்களில் கிணறு உண்டு, கோட்டை உண்டு, சுண்ணாம்புக் காளவாய் உண்டு. பல இடங்களில் 'குழந்தைகள் இடுகாடு' என்ற சொற்களும் உண்டு. அந்நிய அரசின் படைவீரன் ஊராரைக் கேட்டு, அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு போனான். அதே ஊரின் பங்குப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். திருமுழுக்குப் பெற்றோர் பெயர் இருக்கும். மணமானோர் பெயர் இருக்கும். கில்லீனில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு வரியும் இராது. வரி தண்டுவதற்கு அளந்தவன் கண்ட குழந்தையை ஆன்மாக்களைக் காக்க அனுப்பப்பட்டவர்களின் ஏடு காணவில்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

'லிம்போ என்பது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லையே' என்பது முதலாவது. குருமடத்தில் படித்தவர்கள் விரும்பிச் சொல்லும் சமாதானம் இது, மெய்யும்கூட. புனித அகுஸ்தீனார் பெலாஜியக் கொள்கையினரோடு வாதிட்டபோது, திருமுழுக்குப் பெறாத குழந்தைகளும் தண்டனைக்கு உள்ளாவர், ஆனால் அது எல்லாவற்றிலும் மிக மென்மையான தண்டனை என்றார். இடைக்கால இறையியலார் அதனையும் தாங்க மாட்டாமல், தண்டனையும் இல்லாத, இறைக்காட்சியும் இல்லாத ஓர் இடைநிலையை வகுத்தனர். அங்கே குழந்தைகள் இயல்பான மகிழ்ச்சியோடு இருப்பர் என்றார் புனித தோமா அக்குவினா. இலத்தீனில் 'லிம்புஸ்' என்றால் ஆடையின் கரை, விளிம்பு. ஆக, லிம்போ பிறந்ததே ஒருவகை இரக்கத்தால்தான், இதை மறுப்பதற்கில்லை. அக்கருத்தைக் கட்டுக்கதை என்று இகழ்ந்தவர்களை 1794இல் திருத்தந்தை ஆறாம் பயஸ் கண்டித்தாரேயன்றி, அதனைக் கோட்பாடாக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் கோட்பாடு ஒன்று, சட்டம் ஒன்று. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1239ஆம் எண், திருமுழுக்கின்றி இறந்தோர்க்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று விதித்தது. அதற்கு முந்திய சடங்கு நூல்களும் அவ்வாறே கூறின. 1212ஆம் எண், இத்தகையோரைப் புதைக்க, இயலுமாயின், மந்திரித்த கல்லறைக்குப் புறம்பே அடைப்புள்ள வேறிடம் வேண்டும் என்றது. கருத்து ஐயத்துக்குரியது என்று இறையியலார் விவாதித்துக்கொண்டிருந்த நூற்றாண்டுகளில், கல்லறைக் கதவு ஐயமின்றி மூடப்பட்டிருந்தது. கோட்பாட்டுக்கும் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தாய்க்கு எவர் போய் விளக்கினார்? விண்ணகத்தின் விளிம்பு பற்றிய ஊகம், இரண்டு ஊர்களின் விளிம்பில் மண்வெட்டியால் தோண்டிய குழியாயிற்று.

இச்சட்டங்கள் அயர்லாந்துக்கு மட்டும் உரியன அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபை முழுவதற்கும் அவை பொது. நம் தமிழகப் பங்குகளும் அவற்றின்கீழ் இருந்தவையே. 1842இல் சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபை ஐரியச் சகோதரியர் இந்த டவுன்லாண்டுகளின் நாட்டிலிருந்து வந்தவர்களே. நம் பழைய கல்லறைத் தோட்டங்களின் சுவருக்கு வெளியே யார் கிடக்கிறார்கள் என்று வாசகர்கள் தத்தம் ஊர் முதியோரைக் கேட்டறிவார்களாக.

'அது அக்கால மனப்பான்மை. இக்கால அளவுகோலால் அளக்கலாகாது' என்பது இரண்டாவது சமாதானம். நன்று; அக்கால அளவுகோலாலேயே அளப்போம். ஆபத்து வேளையில் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது அக்காலத்திலும் திருச்சபையின் போதனை. பேறு பார்க்கும் பெண்கள் அதனை நன்கறிந்திருந்தனர். ஒரு மூச்சு விட்ட குழந்தைக்கும் நீரூற்ற ஆள் இருந்தது. ஆகவே கில்லீனுக்குச் சென்றவற்றுள் பெரும்பாலானவை இறந்தே பிறந்தவையாகவோ, நீரூற்றும் முன் முடிந்துபோனவையாகவோதான் இருந்திருக்க வேண்டும். இறந்தவர்க்குத் திருமுழுக்கு இல்லை என்பதும் அதே போதனை. அப்படியானால், அப்பெற்றோர் செய்யத் தவறியது என்ன? எதுவும் இல்லை. எவ்விதத்திலும் நிறைவேற்ற இயலாத ஒன்றை நிறைவேற்றாததற்காக அவர்கள் இரவில் நடந்தனர். இது தற்கால மனிதநேயத்தின் கேள்வி அன்று. அறநெறி இறையியலின் முதலாமாண்டு மாணவன் அன்றும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. தாங்கள் விரும்பியும் திருமுழுக்குப் பெறாது இறந்த மறைக்கல்வி மாணவர்களைத் திருமுழுக்குப் பெற்றோராகவே கருத வேண்டும் என்று அதே 1239ஆம் எண்ணின் இரண்டாம் பத்தி கூறியது. பெரியவர்க்கு விருப்பம் போதுமாயிருந்தது. குழந்தைக்காகப் பெற்றோர் கொண்ட விருப்பம் போதாமற்போயிற்று!

மூன்றாவது சமாதானமே நமக்கு மிகுந்த சினமூட்டுவது. 'இது பாமர மக்களின் மூடநம்பிக்கை; மோகினிக் கோட்டையில் புதைக்கும்படி எந்தக் குரு சொன்னார்?' என்கின்றனர். எவரும் சொல்லவில்லைதான். எங்கே புதைக்கலாகாது என்று மட்டுமே சொல்லப்பட்டது. எங்கே புதைப்பது என்பதை மக்களே தேட வேண்டியதாயிற்று. அவர்கள் தேடிக் கண்டது என்ன என்று பாருங்கள். மேயோ மாவட்டத்தில், மோய் ஆற்றங்கரையிலுள்ள பல்லினா நகருக்கு அருகே டோனிபான் என்றொரு டவுன்லாண்டு உண்டு. சாலைப்பணியின் பொருட்டு இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்த கில்லீன் முறையாக அகழப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன, பெரும்பகுதி குழந்தைகளுடையவை. பதினைந்தாம் நூற்றாண்டு தொட்டு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நிலம் பயன்பட்டிருக்கிறது. அயர்லாந்தில் அகழ்ந்த கில்லீன்கள் பலவற்றில் குழந்தைகளைத் துணி சுற்றி ஊசி குத்தியும், பெட்டியிலிட்டும், கிறிஸ்தவ வழக்கப்படி மேற்கே தலைவைத்துக் கிடத்தியும் புதைத்திருக்கின்றனர். உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழுவதற்காகத் திருச்சபையின் மக்களைக் கிடத்தும் முறை அது. தள்ளிவிட்ட பிள்ளையை எவரும் அவ்வாறு கிடத்துவதில்லை.

இடத்தேர்வையும் எண்ணுங்கள். பங்குக் கல்லறை மூடப்பட்டபோது பலர் சென்றது, பண்டைய துறவிகளின் பாழடைந்த கோயில்களுக்கு. அக்கோயில்கள் கட்டப்பட்டபோது 1917ஆம் ஆண்டின் தொகுப்பும் இல்லை, அதற்கு முந்திய சடங்கு நூலும் இல்லை. பங்கு மறுத்த புனித மண்ணை, பங்குக்கும் மூத்த புனிதர்களிடம் அவர்கள் கேட்டுப் பெற்றுக்கொண்டனர். எழுத்தறியாத அந்தத் தந்தையின் கையில் மண்வெட்டி இருந்தது. விசுவாச உணர்வும் இருந்தது. தம் பிள்ளை கடவுளுக்குப் புறம்பானதன்று என்று அவர் அறிந்திருந்தார். அதே முடிவை நோக்கித் திருச்சபையின் ஏடுகள் மெல்ல மெல்ல வந்தன: 1969இன் அடக்கச் சடங்கு நூல் இத்தகைய குழந்தைகளுக்கும் இடமளித்தது. 1992இன் மறைக்கல்வி நூல் அவர்களை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்தது. 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் அவர்களுடைய மீட்பை நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றது. 'திருச்சபை லிம்போவை ஒழித்துவிட்டது' என்று நாளேடுகள் அப்போது எழுதியது மிகை. ஆணையத்தின் ஏடு நம்பிக்கை என்றதேயன்றி உறுதி என்று சொல்லவில்லை. ஆயினும், மூடநம்பிக்கையினர் என்று இகழப்பட்டவர்கள் நானூறு ஆண்டு முன்னதாகவே சென்று நின்ற இடத்துக்குத்தான் ஆணையமும் வந்து சேர்ந்தது.

டுயம் நகரத்துத் தாய்சேய் இல்லத்தின் செய்தியை இங்கே சிலர் நினைவுகூரலாம். 1925 முதல் 1961 வரை துறவற சபையொன்றால் நடத்தப்பட்ட அவ்வில்லத்தில் இறந்த குழந்தைகள் 796 பேர். அவர்களுள் ஏராளமானோரின் அடக்கத்துக்கு ஏடு இல்லை. 2017இல் நிலத்தடி அறைகளில் எலும்புகள் கண்டறியப்பட்டன. 2025இல் முறையான அகழ்வு தொடங்கியது. அது வேறு வழக்கு; அதனைக் கில்லீனோடு குழப்பலாகாது. கில்லீனுக்குக் குழந்தையைச் சுமந்து சென்றவர் அதன் தந்தை. டுயத்தில் அத்தகைய தந்தை எவரும் இல்லை.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அயர்லாந்தின் பல பங்குகளில் குருக்கள் கில்லீன்களுக்குச் சென்று மந்திரித்திருக்கின்றனர், நினைவுக்கல்லும் நாட்டியிருக்கின்றனர். முதிய தாய்மார்கள் அறுபது ஆண்டுக்குப்பின் முதன்முறையாக அவ்விடத்தில் நின்று அழுதிருக்கின்றனர். இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மந்திரிப்பது யார், எதை என்ற கேள்வி எழுகிறது. அந்த மண் தீட்டுப்பட்டுக் கிடந்து இன்றுதான் புனிதமானது என்று எவரும் எண்ணிவிடலாகாது. பெயரிடப்படாத ஆயிரமாயிரம் பிள்ளைகளை ஏந்திய நிலத்துக்குக் குருவின் தீர்த்தம் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அங்கே குரு செய்யத்தக்கது வேறு: மறுக்கப்பட்டது என்ன, மறுத்தவர் யார், எந்தச் சட்டத்தால் என்பதை ஊரார் கேட்க வாய்திறந்து சொல்வது. 'குழந்தைகள் இங்கே அடக்கம் செய்யப்பட்டனர்' என்று செய்தவரைக் குறிப்பிடாது எழுதும் வாக்கியம் நமக்குப் போதாது. ஆங்கில அரசின்மேல் எழுதும்போது எவரும் அப்படி எழுதுவதில்லை. 'திருப்பலிகள் பாறைகளில் நடைபெற்றன' என்று எழுதி, சட்டம் இயற்றியவரை மறந்துவிடும் பங்கு வரலாற்றாசிரியர் உண்டா?

ஆகவே, சிற்றூர் வரலாறு எழுதும் நம் அயர்லாந்துச் சகோதரர்கள் அடுத்த பதிப்பில் கில்லீனுக்கும் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கட்டும். எந்த வயலில் உள்ளது, எந்த எல்லையோரம், எத்தனை கற்கள் நிற்கின்றன, கடைசியாகச் சுமந்து சென்றவரின் பிள்ளைகள் நினைவுகூர்வது என்ன என்பதெல்லாம் அதில் வரட்டும். 1697ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆண்டோடு குறிப்பிடுபவர்கள் இதற்கும் ஆண்டு குறிப்பிடட்டும்: 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு, எண் 1239. சடங்கு நூல் முன்னரே இளகிவிட்டபோதும், ஏட்டளவில் அது நடைமுறையிலிருந்து நீங்கிய நாள் 1983 நவம்பர் 27. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு.